வால்ட்டர் சொன்ன ஓம்

போன கிழமை உங்களை ஒரு கைத்தொலைபேசியோடு விட்டுவிட்டுப் போயிருந்தேன். கனகேஸ்வரி குளிக்கப் போயிருந்த நேரம், சாப்பாட்டு மேசையில் கிடந்த அவளுடைய போனில் ஒரு செய்தி வந்ததும், மகள் தனுஷியா அதை வாசித்துவிட்டதும் ஞாபகம் இருக்கும். "வால்ட்டர், நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வது? முத்தங்களுடன், டெபி." நல்ல அமெரிக்க இங்கிலிஷ்.

'அறுபத்திரண்டு வயதில் இந்த மனிசிக்கு இது தேவையா?' என்று பாமன்கடை வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அம்மா. எனக்கும் கை உளைகிறது. கிழமைக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல் என்னால் ஏலாது.

அது ஞாயிறு காலை வந்த செய்தி. அன்று முழுக்கத் தனுஷியா வாய் திறக்கவில்லை. அப்பா தியாகராசா வீட்டில் இருந்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். வீட்டையும் திணைக்களம் போலத்தான் நடத்துவார். அவர் காதில் விழுகிற மாதிரிக் கேட்கிற கேள்வியா இது?

திங்கள் காலை ஆறேகாலுக்கு அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மரைன் டிரைவில் நடக்கப் போனார். கதவு சாத்துப்பட்டதும் தனுஷியா கதிரையை இழுத்து அம்மாவுக்கு முன்னால் போட்டாள். வேலைக்கு வெளிக்கிட்டு நின்றவள். கொள்ளுப்பிட்டியில் காப்புறுதிக் கம்பனியில் வேலை, ஏழே முக்காலுக்காவது பஸ் எடுக்கவேண்டும்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ. ஆர் அந்த வால்ட்டர்?"

கனகேஸ்வரி தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தாள். "நான்தான்."

"என்ன?"

"நான்தான் வால்ட்டர். டெபி எண்டது ஒஹையோவில ஸ்கூல் பஸ் ஓட்டுற மனிசி. அஞ்சு பேரப்பிள்ளையள். கத்தாதை, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

ஒரு இரவு முழுக்க நித்திரையில்லாமல் கிடந்த தனுஷியாவுக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. "அம்மா, உங்களுக்கு விசரே?"

"இருக்கும்" என்றாள் கனகேஸ்வரி களைத்துப்போன குரலில். "ஆறு ஐம்பதுக்கு ஆட்டம் தொடங்குது. அதுக்கு முதல் எல்லாத்தையும் சொல்லுறன், இரு."

அவள் சொன்னதை நான் சுருக்கித் தருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு தியாகராசாவுக்கு இருதயத்தில் பைபாஸ் செய்தார்கள். ஒன்பதாம் நாள், டொலிடோவில் இருக்கும் மகன் சயந்தன் கோல் எடுத்தான். குடிவரவுப் பத்திரங்கள் அரைகுறையில் நிற்கின்றன, இப்போது நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே போகமுடியாது, வர வழியில்லை என்றான். தியாகராசாவுக்கு அது சாட்டாகத்தான் பட்டது. "அப்ப என்ர செத்த வீட்டுக்கும் நீ வரவேண்டாம்" என்றார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. சயந்தன் "அம்மா, நீங்களும் அப்பிடித்தானோ?" என்று கேட்டான்.

இருமும்போது நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க ஆஸ்பத்திரியில் தந்த தலையணையைக் கணவருக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள் கனகேஸ்வரி. வாய் திறக்கவில்லை. போன் வெட்டுப்பட்டது. அடுத்த கிழமை அவனுடைய நம்பரே இல்லை. முகநூலிலும் இல்லை.

பதினாலு மாதத்துக்கு முன்பு, கனடாவில் இருக்கும் மருமகன் முறையான உமாசுதன் ஒரு தகவல் சொன்னான். சயந்தன் ஆரோடும் பேச்சுவார்த்தை இல்லை, அந்த ஊரில் ஹெரன்ஸ் என்று ஒரு ஃபுட்போல் கழகம் இருக்கிறது, அதன் ரசிகர்கள் எழுதுகிற இணையப் பக்கத்தில்தான் கிடக்கிறான். நம்முடைய உதைபந்தாட்டம் இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பந்தைக் கையில் தூக்கி ஓடி, ஒருவன் மேல் பத்துப் பேர் விழுகிற அமெரிக்க ஆட்டம்.

கனகேஸ்வரி அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். ஆயிரக்கணக்கான பேர்களில் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்க அவளுக்கு அரை மணித்தியாலம் கூடப் போகவில்லை. 'குட்டான்06' என்று இருந்தான். குட்டான் என்பது வீட்டுப் பேர். ஆறு என்பது கொழும்பு ஆறு, வெள்ளவத்தை. அமெரிக்கர்கள் அவனைக் 'காட்டன்' என்று கூப்பிட்டார்கள்.

பேர் பதியாதவர்கள் வாசிக்கமுடியாத பக்கம் அது. பேர் ஒன்று கேட்டது. கோட்டையில் கப்பல் கம்பனியில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்த காலத்தில் தனக்கு மேலதிகாரியாக இருந்த வயதான துரையின் பேரைப் போட்டாள். வால்ட்டர்.

"சும்மா வாசிச்சுக்கொண்டு இருந்திருக்கலாமே? ஏன் எழுதினனீங்கள்?"

"ஒருநாள் எல்லாரும் சேர்ந்து அவனைப் பேசினாங்கள், பிள்ளை. அவன்ர பக்கத்தில ஒருத்தரும் இல்லை."

இருபத்தெட்டு வருடம் துரைமாருக்குக் கடிதம் எழுதிய இங்கிலிஷ்தான் அவளுக்குத் தெரியும். 'கைண்ட்லி நோட், நமது இடப்பக்கக் காவல்காரரின் சேவை திருப்திகரமாக இல்லை' என்று எழுதினாள். 'மேற்படி விடயம் தொடர்பாகப் பயிற்சியாளர் ஆவன செய்வார் என எதிர்பார்க்கிறேன்' என்று முடித்தாள். அமெரிக்கர்கள் துள்ளிக் குதித்தார்கள். இப்படி ஒரு கிழவனை அவர்கள் கண்டதேயில்லை. குட்டானும் சிரித்து ஒரு வரி எழுதியிருந்தான். அன்றைக்கு அவள் சமைத்த குழம்பில் உப்பே இல்லை, அதையும் தியாகராசா பேசாமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டமும், ஒவ்வொரு ஆட்டக்காரனும் அவளுடைய கொப்பியில் சுருக்கெழுத்தில் ஏறினார்கள். கோவிலில் கேட்ட சொற்பொழிவைக் குறித்து வைக்கிறாள் என்று தியாகராசா நினைத்துக்கொண்டிருந்தார். சுருக்கெழுத்து தெரியாத புருஷன் வாய்ப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

இனி இன்றைய விஷயம்.

ஹெரன்ஸின் பந்தெறிகாரன், அதாவது குவார்ட்டர்பேக், மாலோய் என்று ஒருவன். முப்பத்தாறு வயது. பத்து வருடமாக இந்தக் கழகத்தைச் சுமந்தவன். இந்த வருடம் தோள்மூட்டுச் சரியில்லை. பதினாலு ஆட்டத்தில் பன்னிரண்டு தோல்வி. அவனை இருத்திவிட்டு, கல்லூரியிலிருந்து வந்த ட்ரெவின் என்ற இருபத்திரண்டு வயதுப் பொடியனை இறக்கச் சொல்லி ரசிகர்கள் நிற்கிறார்கள். தோற்றாலும் பரவாயில்லையாம். கடைசியாக வருகிற கழகத்துக்குத்தான் அடுத்த வருடம் புதுப் பொடியன்களில் முதல் ஆளை எடுக்கிற உரிமையாம்.

"தோக்கிறதுக்கும் பரிசு குடுக்கிற ஊர்" என்று கனகேஸ்வரி முகத்தைச் சுழித்தாள். "மாலோயில நான் காணுற பிழை நாலு ஆட்டந்தான். மிச்சமெல்லாம் அவனுக்கு இடப்பக்கம் காவல் நிக்கிறவன்ர பிழை. எழுதி வைச்சிருக்கிறன்."

"அம்மா, இதில உங்களுக்கு என்ன?"

கனகேஸ்வரி போனைத் திருப்பிக் காட்டினாள். சனிக்கிழமை குட்டான் எழுதியது. 'இந்த ஆட்டத்தில் மாலோயை வெளியே இருத்தினால் என்னுடைய கணக்கை அழித்துவிட்டுப் போகிறேன். ஒரு வருடம் சரியில்லை என்றதும் வாசலைக் காட்டுகிற சனத்தோடு எனக்கு என்ன பேச்சு?'

தனுஷியா இரண்டு தரம் வாசித்தாள். பந்து விளையாட்டைப் பற்றி மட்டும் எழுதியது அல்ல என்று அவளுக்கும் விளங்கியது.

"போயிட்டான் எண்டால் அவனைக் காண எனக்கு வேற இடம் இல்லை" என்றாள் அம்மா.

"அப்ப நீங்கள்தான் எண்டு சொல்லுங்கோவன்!"

"சொன்னால் உடன ஓடிடுவான். அண்டைக்கு வாய் திறக்கேல்லை நான். இப்ப எந்த வாயோட கதைக்க?"

கீழே கடற்கரை ரயில் போய் ஓய்ந்தது. மார்கழி என்பதால் கோவில் ஸ்பீக்கரில் திருவெம்பாவை. ஆட்டம் தொடங்கியது.

படம் ஒன்றும் இல்லை. பார்க்கிறவர்கள் எழுத எழுத இவர்கள் வாசிக்கிறார்கள். மாலோய் எறிந்தான், பிடித்தார்கள். எறிந்தான், விழுந்தது. தனுஷியா அலுவலகத்தை மறந்து அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இது நல்லதோ கூடாதோ?"

"கூடாது. எதிர்ப்பக்கத்தான் பந்தைப் பிடிச்சிட்டான்."

"மாலோய் எறிஞ்ச பந்தையோ?"

"ஓம். பாவி, தோள் வலிக்குது எண்டு சொல்லித் துலைக்கமாட்டான். வெக்கம்."

ஏழரைக்குத் தியாகராசா திரும்பி வந்தார். கீழே காவலாளி றொஹான் கையை விரித்தான். "லிஃப்ட் எக்க வெட நே, மஹத்தயா." போன கிழமையும் இதே பாட்டுத்தான். அவர் பெருமூச்சு விட்டுப் படியில் கால் வைத்தார். நாலு மாடி. ஒவ்வொரு மாடிக்கும் நின்று மூச்செடுக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர்.

அவர் முதலாம் மாடியில் நிற்கும்போது மாலோயின் இரண்டாவது பந்தும் எதிர்ப்பக்கம் போனது. இரண்டாம் மாடியில் நிற்கும்போது மூன்றாவதும் போனது. மூன்றாம் மாடிக்கு அவர் ஏறுவதற்குள் பயிற்சியாளர் மாலோயின் முதுகில் தட்டி வாங்கில் இருத்திவிட்டு, ட்ரெவினை அனுப்பிவிட்டார்.

பக்கம் கொண்டாட்டத்தில் நிறைந்தது. கடைசியில் குட்டான் வந்தான்.

'சரி. சொன்னபடி போகிறேன். எல்லாரும் நல்லாயிருங்கள்.'

"ஐயோ" என்றாள் கனகேஸ்வரி.

அடுத்த வரியும் அவன்தான். 'வால்ட்டர், இங்கே மனிதன் மாதிரிக் கதைத்தது நீங்கள் ஒருவர்தான். போக முதல் ஒன்று கேட்கிறேன். உள்ளதைச் சொல்லுங்கள். நீங்களாக இருந்தால், இவ்வளவு பிழைக்குப் பிறகும் அவனை வைத்திருப்பீர்களா?'

"எழுதுங்கோ அம்மா! கெதியா!"

கைண்ட்லி நோட் எங்கே, மேற்படி விடயம் எங்கே? ஒன்றும் வரவில்லை. பிள்ளை போகப்போகிறான், கேள்வி கேட்கிறான், தாய் மறுமொழி சொல்லவேண்டும். தங்கச்சிமாருக்கும் மச்சாள்மாருக்கும் வட்ஸப்பில் இங்கிலிஷ் எழுத்தில் தமிழ் அடித்துப் பழகிய விரல் ஓடிப்போய் இரண்டே எழுத்தை அடித்து அனுப்பிவிட்டது. ஓ. எம்.

ஓம்.

அனுப்பிய பிறகுதான் கண்டாள். "கடவுளே, என்ன செய்துபோட்டன்!"

அமெரிக்கர்களுக்கு அது 'ஆமாம்' என்று விளங்கவில்லை, மந்திரமாக விளங்கியது. 'வால்ட்டர் தியானத்தில் இருக்கிறார்' என்று டெபி எழுதினாள். 'எங்களுக்கும் இப்ப பிரார்த்தனைதான் மிச்சம்' என்று இன்னொருவர். அதன் பிறகு பத்து, இருபது, ஐம்பது பேர், ஓம், ஓம், ஓம் என்று அடித்துத் தள்ளினார்கள். கீழே கோவிலிலும் அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. தனுஷியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து நிமிர்ந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

வால்ட்டருக்கு மட்டுமான தனிச்செய்தி ஒன்று வந்திருந்தது. குட்டானிடமிருந்து. இங்கிலிஷ் எழுத்தில் தமிழ்.

'அப்பா? நீங்களோ?'

அதற்குக் கீழே இன்னொன்று. 'அந்த கைண்ட்லி நோட்டைக் கண்ட நாளே நினைச்சனான். எங்கட பிரின்சிபலுக்கு நீங்கள் எழுதின கடிதம் மாதிரியே இருந்தது. இருக்காது எண்டு விட்டிட்டன். வேற ஆர் ஓம் எண்டு சொல்லப்போகினம்? அப்பா, மாலோய்க்கு மட்டுந்தான் ஓம் எண்டனீங்களோ? எனக்கும் சேர்த்தோ?'

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாகவேண்டும். இந்த வீட்டிலிருந்து போன கடிதம் எல்லாம், பாடசாலைக்கும் மின்சார சபைக்கும் சயந்தனின் விசாவுக்கும் போனது எல்லாம், தியாகராசாவின் கையொப்பத்தோடு போனவை. அவர் வாயால் சொல்லி எழுதுவித்ததும் இல்லை. "ஒரு கடிதம் அடியும்" என்பார், அவ்வளவுதான். அந்த இங்கிலிஷ் முழுக்கக் கனகேஸ்வரியுடையது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. தனுஷியாவே இன்றைக்குத்தான், வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான், விளங்கிக்கொண்டாள்.

"அம்மா, அது நீங்கள் எண்டு எழுதுங்கோ. பதினாலு மாதம் கஷ்டப்பட்டது நீங்கள்! எழுதுங்கோ!"

கனகேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "அவன் என்னைக் கேக்கேல்லையே, பிள்ளை."

கதவு திறந்தது. தியாகராசா நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சேர்ட் நனைந்திருந்தது.

"தண்ணி" என்றார். பிறகு, "என்ன ரெண்டு பேரும் முழிக்கிறியள்? தனு, நீ இன்னும் போகேல்லையே?"

தனுஷியா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை கனகேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவருடைய கண்ணாடியையும் தன்னுடைய போனையும் எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"இஞ்சருங்கோ. இதை வாசியுங்கோ. கத்துறது எண்டால் வாசிச்சு முடிச்சிட்டுக் கத்துங்கோ."

அவர் வாசித்தார். விளங்கவில்லை. மேலே தள்ளி வாசித்தார். ஆர் இந்த வால்ட்டர் என்று கேட்டார். அவள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னாள், அலுவலகத்தில் அறிக்கை வாசிப்பது போல, ஒன்றையும் விடாமல். தன் பிள்ளையின் பேரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்ட மனிதர் அவர். இரண்டு வருடமாக அந்தச் சட்டத்தைத் தானே காவல் காத்துக் காத்து அவருக்கும் களைத்துப்போயிருக்கவேண்டும். முகத்தில் அதுதான் தெரிந்தது.

"அந்த மாலோய் எண்டவனுக்கு என்ன?" என்று கேட்டார்.

"தோள்மூட்டு. முப்பத்தாறு வயசு. இப்பதான் வெளியில இருத்தினவங்கள்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"வைச்சிருப்பன் எண்டன்."

தியாகராசா நெஞ்சைத் தடவினார். தையல் போட்ட இடத்தைத் தடவுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. "இதெல்லாம் நான் எழுதினது எண்டு நினைக்கிறான்."

"ஓம்."

"நீர் எழுதினதை."

"எல்லாக் கடிதமும் அப்பிடித்தானே போனது" என்றாள் கனகேஸ்வரி. குரலில் குத்தல் இருந்தது, மறைக்கவும் இல்லை. "இதிலயும் கையெழுத்து வையுங்கோ. பிள்ளை இருப்பான்."

அவர் எழுந்து பல்கனிக்குப் போனார். தனுஷியா அம்மாவைப் பார்த்தாள். போய்விட்டார், முடிந்தது என்று நினைத்தாள். அரை நிமிடம் கழிந்து திரும்பி வந்தவர், கதிரையில் இருந்து, போனைக் கிட்ட இழுத்தார்.

"இஞ்சரும்" என்றார். "ஓம் எண்டு இங்கிலிஷில எப்பிடி எழுதுறது?"

"ஓ. எம்." அவள் விரலால் காட்டிக் கொடுத்தாள்.

ஓ-வை அடித்தார். எம்-ஐத் தேடினார். அடித்தார். அனுப்பினார்.

மூன்று பேரும் அந்தச் சின்னப் போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தியாகராசாவின் கை மேசையில் கிடந்தது. கனகேஸ்வரி அதன் மேல் தன் கையை வைத்தாள். குத்தலும் இருந்தது, இரக்கமும் இருந்தது. முப்பத்தேழு வருடம் ஒருவரோடு இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

மறுமொழி வந்தது. 'நான் போகேல்லை அப்பா. இருக்கிறன்.'

தனுஷியா அழுதுவிட்டாள். அவளுடைய பஸ் போய் வெகு நேரம்.

தியாகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு வரி வந்து விழுந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு, குனிந்து, சத்தமாக வாசித்தார்.

"அம்மாவுக்கு இது தெரியுமோ? அவவும் உங்களோடதானோ?"

வாசித்துவிட்டு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவர் ஏதோ எழுதப்போகிறார் என்றுதான் தனுஷியா நினைத்தாள். அவர் எழுதவில்லை. போனை மெதுவாக மேசையில் தள்ளிக் கனகேஸ்வரிக்கு முன்னால் வைத்தார்.

"இதுக்கு நான் கையெழுத்து வைக்கேலாது" என்றார். "நீர்தான் சொல்லவேணும்."

நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் எடுத்த கை. பதினாலு மாதமாக முன்பின் தெரியாத அமெரிக்கர்களுக்கு மறுமொழி சொல்லிக் களைத்த கை. போனைத் தூக்கியது, ஒரு எழுத்தும் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவன் கேட்ட அதே கேள்விதான்.

இந்த முறை குட்டான் போனை வெட்டவில்லை. அந்தப் பக்கம் இருந்து காத்துக்கொண்டிருந்தான்.